பாதுகாவலர் கையொப்பம்

இயக்குநரகத்திலிருந்து வந்த படிவத்தில்
பதினேழாம் கட்டம்:
ஆண், பெண், விகிதம்.
மாலை நாலரைக்குள் அனுப்ப வேண்டும்.
கோத்தகிரியில் நாலரை என்பது
மின்சாரம் இருந்தால் நாலரை.

எண்ணினேன்.
பெண்கள் நூற்றுத் தொண்ணூற்றாறு.
ஆண்கள் எண்பத்துநான்கு.
தமிழ் இலக்கியத்தில் அறுபதுக்கு ஐம்பத்தொன்று பெண்கள்,
வணிகவியலிலும் ஏறக்குறைய அப்படியே.
மின்னணுவியலில் மட்டும் தலைகீழ்,
ஏழே பேர்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பையனுங்க எல்லாம் எங்கம்மா போனாங்க?"
காலையில் இருந்த பனி எங்கே என்பதுபோல
ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.
கண்காணிப்பாளர் சொன்னார்:
"இனி ஆம்பளைகளுக்கு இட ஒதுக்கீடு கேக்கணும் சார்."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.

எனக்குத் தெரியும் எங்கே என்று.
பிளஸ் ஒன் பாதியில் போன ஒருவன்
திருப்பூரில் பனியன் மடிக்கிறான்.
ஒருவன் ரிசார்ட் வாசலில்
வெள்ளைக் கையுறை போட்டுக் கதவு திறக்கிறான்.
காசுள்ள வீட்டுப் பையனுக்கு
கோயம்புத்தூரில் பொறியியலுக்குப் பணம் கட்டியாயிற்று.
அதே வீட்டுப் பெண்,
அவனைவிட நாற்பது மதிப்பெண் கூடுதல்,
பஸ் பாஸே போதும் என்று இங்கே.
அவளையும் ஒன்று என்றுதான் எண்ணினேன்.
கட்டத்தில் வேறு இடமில்லை.

மூன்று மணிக்கு மழை.
மூன்றேகாலுக்கு வாசலில் ஒரு பச்சைத்தேயிலை லாரி,
என்ஜினை அணைக்காமல்.
இறங்கியவனுக்கு மீசை பாதி வழியில் நின்றிருந்தது.
முழங்கை வரை இலைக்கறை.
பின்னால் தங்கை நிரோஷா,
சான்றிதழ்கள் துப்பட்டாவுக்குள்.
கணிதத்தில் ஓர் இடம் மிச்சம் இருந்தது.
கோட்டைத் தொடாத எழுத்தில் நிரப்பிக்கொண்டே வந்தாள்.
பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில்
பேனா நின்றது.

"அம்மா வரலையா?"
"கொழுந்து சீசன்க்கா. இன்னிக்கு வந்தா பேர் விழாது."
"அப்பா?"
அவன் பேனாவை வாங்கிக்கொண்டான்.
கஜேந்திரன் என்று போட்டான்,
ஜே-யின் கொம்பை மறந்து
பிறகு திரும்பிப் போய்ச் சேர்த்தான்.
வயது பத்தொன்பது.

"நீ படிக்கலையாப்பா?"
"ரெண்டு பேருக்கு பஸ் காசு இல்லை அப்போ."
இவள்தான் நன்றாகப் படிப்பாள் என்று அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
நிரோஷா தரையைப் பார்த்துச் சொன்னாள்:
"கணக்கு எனக்கு இவன்தான் சொல்லிக் குடுத்தான்."

லாரி போனபின்
பதிவேட்டை மறுபடி விரித்தேன், வேறொரு பத்திக்காக.
அண்ணன். அண்ணன். தாய்மாமன். அண்ணன். தம்பி.
தம்பியை எப்படி ஏற்றுக்கொண்டேன், நினைவில்லை.
முப்பத்தெட்டுப் பையன்கள்
எங்கள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள்,
கையெழுத்தாக மட்டும்.

அதோடு பதிவேட்டை மூடியிருக்கலாம்.
மாற்றுச் சான்றிதழ் நோட்டும்
அதே அலமாரியில் இருந்து தொலைக்கிறது.
மூன்று வருடத்தில், படிப்பு முடியாமல்,
நாற்பத்தொரு பெண்கள் வெளியே.
காரணம்: சொந்தக் காரணம்.
எழுதியது என் கைதான்.
ஆடியில் ஒருத்தியும் போகவில்லை.
ஆவணியில் பதினொரு பேர்.
அங்கேயும் பாதுகாவலர் என்று ஒரு பத்தி உண்டு.
அண்ணன். அப்பா. அண்ணன்.
சேர்க்க வந்தபோது போட்ட அதே கையெழுத்து,
இப்போது கொஞ்சம் வேகமாக.

உள்ளே வந்தவர்களைத்தான் கேட்கிறது படிவம்.

நாலு இருபது.
நிரோஷாவைச் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றேழு.
விகிதத்தைக் கணினியே போட்டுக்கொண்டது,
எழுபது புள்ளி ஒன்று ஒன்று.
கீழே குறிப்புகள் என்று ஒரு வெற்றிடம்.
அதை யாரும் நிரப்புவதில்லை.
பெண்கள் கழிப்பறை இரண்டு,
ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை
என்று தட்டி முடிப்பதற்குள்
மின்சாரம் போயிற்று.